பாட்டாகப் படித்த மூன்றாம் வகுப்பு

1. முதல் சனிக்கிழமை

முதல் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு நான் கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு போனேன். கோவில் திருவிழாவுக்கு மட்டும் பெட்டியிலிருந்து எடுக்கிற கோட்டு அது. புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். இப்போது நாம் எல்லோரும் சாக்பீஸ் தூசி படிந்த சட்டையோடு வந்து, பிள்ளைகளோடு பிள்ளைகளாகப் பெஞ்சில் நெருக்கிக்கொண்டு உட்காருகிறோம். அன்று எனக்கு அது எப்படிப்பட்ட கூட்டம் என்று தெரியாது. என் வகுப்பை மெச்சிக்கொள்ள வருகிறார்கள் என்றே நினைத்தேன்.

ஐரோப்பாவில் பெரிய சண்டை ஓய்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. லாங் மவுண்டனுக்கும் தேர் ரூஜுக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊர்ப் பள்ளியில் நான் மூன்றாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் பள்ளியில் மூன்றாவதுதான் கடைசி. அதற்கு மேல் படிக்க வேண்டுமானால் தேர் ரூஜுக்கு நடக்க வேண்டும். நடந்தவர்கள் மிகக் குறைவு. நான் நடந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். ஆறாவது முடித்துவிட்டு எங்கள் ஊர்ப் பள்ளிக்கே மானிட்டராக, அதாவது உபாத்தியாயருக்கு உதவியாளாக, வந்தேன். பிறகு உபாத்தியாயர் ஆனேன். எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று மட்டும் எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

அந்த வருடத் தொடக்கத்தில் இன்ஸ்பெக்டர் வந்தபோது ஒரு யோசனை சொல்லிவிட்டுப் போனார். தலைநகர் போர்ட் லூயிக்குப் போய்ப் பயிற்சி எடுக்க முடியாத இளம் உபாத்தியாயர்கள் சனிக்கிழமைகளில் ஒருவர் வகுப்பை ஒருவர் போய்ப் பார்க்கட்டும், பார்த்ததைக் கூடிப் பேசட்டும் என்றார். எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுப்பதில்தான் எல்லாப் பள்ளிகளும் பின்தங்கியிருக்கின்றன என்றும் சொன்னார். எங்கள் பகுதியில் மூன்று பேர் சேர்ந்தோம். நான் ஒருவன். லாங் மவுண்டன் சுப்பராயன் இன்னொருவன். என்னோடு ஆறாவது படித்தவன், வாயைத் திறந்தால் கேலிதான். மூன்றாவது ஆள் தேர் ரூஜ் பள்ளி ஆசிரியை மாம்ஸெல் ரோஸ்லின். அவருடைய தாத்தாவின் அப்பா நம் முன்னோரைப்போல் கரும்பு வேலைக்காக இந்தத் தீவுக்குக் கப்பலில் வந்த தமிழர். பிறகு அந்தக் குடும்பம் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்துவிட்டது. வீட்டில் இந்தத் தீவின் பிரெஞ்சுக் கலப்பு மொழியான கிரியோல்தான் பேச்சு. தமிழில் 'தாத்தா', 'அத்தை' என்று உறவுமுறைகள் மட்டும் தெரியும்.

முதலில் என் பள்ளி என்று முடிவானது. நானே கேட்டு வாங்கிக்கொண்டேன், ஏனென்றால் என் வகுப்பு வாசிப்பில் அந்த வட்டாரத்திலேயே பேர் வாங்கிய வகுப்பு.

அது எப்படிப் பேர் வாங்கியது என்று சொல்ல வேண்டும். என் அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் கோவிலில் முழுப் பதிகங்களையும் ராகம் தவறாமல் பாடுவார். அவருடைய அப்பா பாடக் கேட்டு அவர் கற்றது, அவர் பாடக் கேட்டு நான் கற்றேன். கற்பது என்றால் எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். அதனால் ஆங்கில வாசிப்புப் புத்தகத்தையும் நான் அப்படியே சொல்லிக்கொடுத்தேன். நான் ஒரு வரி ராகத்தோடு சொல்வேன், வகுப்பு திருப்பிச் சொல்லும். சில வாரங்களில் பாடம் முழுவதும் ஒரே குரலில் வந்துவிடும். பாக்கியம் என்கிற பெண் முன்னால் எடுத்துக்கொடுப்பாள். அவள் குரல் அப்படியே கணீரென்று இருக்கும்.

அவளுடைய அப்பா ஆறுமுகம் மாமா ஒரு சிறு தோட்டக்காரர். கொஞ்சம் சொந்தக் கரும்பு, மிச்ச நாளெல்லாம் எஸ்டேட்டில் வேலை. புல்லுக்கட்டோடு பள்ளி வழியாகப் போகும்போதெல்லாம் கட்டை இறக்கிவைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்பார். அவருக்கு ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது. தெருவில் பார்த்தால் என்னைத் 'தம்பி' என்பார், பள்ளி வாசலில் 'மிஸ்யே' என்பார். பிள்ளைகள் உபாத்தியாயரைக் கூப்பிடுவது அப்படித்தான்.

"கோவில்ல கேக்குற மாதிரியே இருக்குங்க மிஸ்யே. எங்க வீட்டுல ஒருத்தி இங்கிலீஷ் படிக்கிறான்னு நெனைக்கவே நெஞ்சு நெறையுது" என்பார்.

அவர் பாக்கியத்தைப் பள்ளிக்கு அனுப்பியதே அந்தக் குரலுக்காகத்தான். எங்கள் ஊரில் அந்த வயதுப் பெண் பிள்ளைகள் வேறு யாரும் பள்ளியில் இல்லை. மூன்றாவது தேறினால் தேர் ரூஜில் நாலாவது சேர்க்கிறேன் என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார். தேறாவிட்டால் வீட்டோடு, வயலோடு.

இனி அந்தச் சனிக்கிழமை. வகுப்பு தொடங்கும் முன் மாம்ஸெல் ரோஸ்லின் ஒரு விதி வைத்தார். கிரியோலில்தான் பேசினார், நான் தமிழில் தருகிறேன்.

"உங்களப் பத்தி நாங்க ஒரு வார்த்தை சொல்ல மாட்டோம், மிஸ்யே வீராசாமி. நல்லதும் சொல்ல மாட்டோம், கெட்டதும் சொல்ல மாட்டோம். பிள்ளைங்க என்ன செஞ்சாங்கன்னு மட்டும் சொல்லுவோம். சரியா?"

"சரி" என்றேன். நல்லதும் சொல்ல மாட்டார்களா என்று கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

இருவரும் பிள்ளைகள் நடுவே உட்கார்ந்தார்கள். ரோஸ்லின் பாக்கியத்துக்குப் பக்கத்தில். பாடம், பனியில் வழி தப்பிய ஓர் ஆட்டுக்குட்டியைத் தேடிப்போகும் கிழவனின் கதை. பாக்கியம் எடுத்தாள். வகுப்பு சேர்ந்துகொண்டது. ஒரு பிசிறு இல்லை. முடிந்ததும் நான் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவர்களைப் பார்த்தேன்.

பிள்ளைகளை வெளியே விளையாட விட்டோம். ரோஸ்லின் சொன்னார்:

"பாதிப் பாடத்துல பக்கம் திரும்புது இல்லையா? பாக்கியம் அடுத்த பக்கத்தோட முதல் ரெண்டு வரியையும் சொன்ன பிறகுதான் பக்கத்தைத் திருப்பினா. எல்லாருமே அப்படித்தான்."

எனக்கு உடனே புரியவில்லை. சுப்பராயன்தான் முதலில் சிரித்தான்.

"டேய் வீரா, அதுங்களுக்குப் பக்கம் எதுக்குடா? உனக்காகத் திருப்புதுங்க. புஸ்தகம் செலவு மிச்சம் பண்ணலாம் நீ."

பிள்ளைகள் திரும்ப வந்ததும் ரோஸ்லின் என்னிடம் அனுமதி கேட்டு, அதே பாடத்தில் உள்ள சொற்களையே வேறு வரிசையில் வைத்துப் பலகையில் ஒரு வாக்கியம் எழுதினார். புதுச் சொல் ஒன்றுகூட இல்லை. "யார் படிக்கிறீங்க?" என்றார்.

ஒருவரும் படிக்கவில்லை. நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். சிலர் பலகையைப் பார்க்கவே இல்லை, என்னைப் பார்த்தார்கள், நான் எடுத்துக்கொடுப்பேன் என்று. என் முகம் எப்படி இருந்ததோ, பாக்கியத்துக்கு அது பொறுக்கவில்லை. எழுந்து நின்றாள். ஆட்டுக்குட்டிப் பாடத்தை முதல் வரியிலிருந்து ராகத்தோடு பாட ஆரம்பித்தாள். மற்றவர்களும் நிம்மதியாகச் சேர்ந்துகொண்டார்கள். பலகையில் எழுதியிருப்பது ஒன்று, அவர்கள் பாடுவது ஒன்று. என்னைக் காப்பாற்றத்தான் பாடினார்கள். கடைசி வரி வரைக்கும் நின்று கேட்டேன்.

"புது ஆளுங்களப் பாத்து வெக்கப்படுதுங்க" என்றேன்.

சுப்பராயன் வழக்கம்போல் ஏதாவது சொல்வான் என்று பார்த்தேன். அவன் பலகையைத் துடைக்கப் போனான். அவன் கேலி செய்யாததுதான் எனக்கு அதிகமாக உறைத்தது.

2. சீனன் கடைப் பேச்சு

எங்கள் ஊரில் ஒரு செய்தி பரவச் சீனன் கடைக்குப் போனால் போதும். அடுத்த வாரம் நான் மண்ணெண்ணெய் வாங்கப் போனபோது பேச்சு அங்கே முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது.

"மிஸ்யேக்கே மிஸ்யே வந்தாங்களாமே?"

"ஆமா, தேர் ரூஜ் பொம்பளையாம். இவர ஓரமா நிக்க வச்சிட்டு அவங்க பாடம் எடுத்தாங்களாம்."

"அப்ப இவரு இன்னும் படிச்சு முடிக்கலியா?"

என் அப்பாவும் அங்கேதான் நின்றிருந்தார். வீட்டுக்கு வரும் வழியில், "ஒனக்குப் படிப்பு முடிஞ்சிருச்சுன்னுதான் நான் எல்லார்கிட்டயும் சொன்னேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தான் ஊரில் தவறான செய்தி சொல்லிவிட்டோமோ என்ற கவலைதான் அதில் இருந்தது.

எங்கள் ஊர்க் கணக்கு அப்படி. படித்தவன் என்றால் முடித்தவன். உபாத்தியாயர் பெஞ்சில் உட்கார்ந்தால் அவருக்கு ஒன்றும் தெரியாது என்று அர்த்தம். சனிக்கிழமைக் கூட்டத்தை அப்படியே விட்டுவிடலாம் என்று நானும் யோசித்தேன். பரீட்சை வைக்க இன்ஸ்பெக்டர் வருவதற்குச் சில மாதங்கள் இருந்தன. வழக்கமாகப் புத்தகத்திலிருந்து ஒரு பாடத்தைக் கேட்பார், பிள்ளைகள் பாடுவார்கள், தேறிவிடுவார்கள். முந்தின வருடமும் அப்படித்தான் தேறினார்கள். ஆனால் இந்தத் தடவை புத்தகத்தில் இல்லாத பக்கம் ஒன்றைத் தருவேன் என்று அவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதற்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் நான் திரும்பப் போயிருக்க மாட்டேன். இதில் எனக்கு வீரம் ஒன்றும் இல்லை.

லாங் மவுண்டனில் சுப்பராயனின் முறை. அவன் கையெழுத்து முத்து மாதிரி இருக்கும். அவன் பலகையில் எழுதுவதைப் பிள்ளைகள் சிலேட்டில் அப்படியே இறக்குவார்கள். நான் ஒரு பையன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவன் ஒவ்வோர் எழுத்தையும் அடியிலிருந்து மேலே, கோடு கோடாக வரைந்துகொண்டிருந்தான். ஒரு சொல் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பது அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை. பார்த்ததைச் சொன்னேன். சொல்லும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்து அன்று மாலையே வெட்கப்பட்டேன்.

சுப்பராயன் தலையைச் சொறிந்தான். "அப்ப நான் இத்தன நாளா படம் வரையச் சொல்லிக் குடுத்திருக்கேன். ஊருக்கு பெயின்டர் தேவைப்பட்டா சொல்லுங்க, அனுப்பி வைக்கிறேன்."

மாம்ஸெல் ரோஸ்லின் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் சரியாகப் பதில் சொன்னார்கள். சுப்பராயன்தான் கண்டுபிடித்தான். பிள்ளைகள் புத்தகத்தைப் பார்க்கவில்லை, அவர் புருவத்தைப் பார்த்தார்கள். தப்பாகப் போனால் அவர் புருவம் ஏறும், உடனே வேறு சொல் சொல்வார்கள். அவர் முகம் சிவந்துவிட்டது. கொஞ்ச நேரம் கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தார். பிறகு, "நான் அவங்களுக்குப் பின்னால நின்னு இன்னொரு தடவை எடுக்கிறேன், பாருங்க" என்று எழுந்து போனார். அவ்வளவு சீக்கிரம் எழுந்து போக என்னால் முடிந்திருக்காது.

3. பாட்டை நிறுத்தினோம்

மூன்று பேரும் சேர்ந்து ஒரு முறை வகுத்தோம். சேர்ந்து படிப்பதை நிறுத்துவது. ஒவ்வொரு நாளும் தெரிந்த சொற்களை வைத்துப் புது வாக்கியம் ஒன்று பலகையில். அது பிள்ளைகள் கண்ணால் பார்க்கிற பொருளைப் பற்றியதாக இருக்க வேண்டும். முதலில் வாய் திறக்காமல் படிப்பது. பிறகு அதில் சொல்லியிருப்பதைச் செய்து காட்டுவது. 'கதவைத் திற' என்று இருந்தால் போய்த் திறக்க வேண்டும். அதன் பிறகுதான் வாய்விட்டு, ஒவ்வொருவராக. கடைசியில் தானே ஒரு வாக்கியம் சிலேட்டில் எழுதிப் பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும். அது படித்துவிட்டால் எழுதியது சரி.

எழுதும்போது இது சுலபமாக இருக்கிறது. வகுப்பில் முதல் வாரங்கள் கொடுமையாக இருந்தன. பேர் வாங்கிய வகுப்பு திக்கித் திணறியது. பாக்கியம்தான் எல்லோரையும்விட மோசம். அவள் பாட்டில் கெட்டிக்காரி, அதனால் அவளுக்கு எழுத்து தேவைப்பட்டதே இல்லை. ஒரு சொல்லின் முதல் எழுத்தைப் பார்த்ததும் ஏதாவது ஒரு பாடத்தின் வரி அவள் வாயில் ராகத்தோடு வந்துவிடும். நிறுத்தச் சொன்னால் கண் கலங்கும்.

"நான் என்ன தப்பு பண்ணேன் மிஸ்யே? நீங்க சொல்லிக் குடுத்த மாதிரிதானே சொல்றேன்?"

பலகையை மறுபடி காட்டி, முதல் சொல்லிலிருந்து தொடங்கச் சொன்னேன்.

ஒரு நாள் அவள் ஒற்றை வரியோடு போராடிக்கொண்டிருந்தபோது ஜன்னலில் நிழல் தெரிந்தது. ஆறுமுகம் மாமா புல்லுக்கட்டைத் தலையிலிருந்து இறக்காமலே நின்றுகொண்டிருந்தார். மகள் ஒரு சொல், அப்புறம் நிறுத்தம், இன்னொரு சொல், அதையும் தப்பாகச் சொல்லித் திருத்தினாள். அவர் முழுவதும் கேட்கவில்லை. போய்விட்டார்.

அன்று சாயங்காலம் சாலையில் என்னை மறித்தார்.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். என் பொண்ணுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல மாமா. நல்லாப் படிக்கிறா."

"நானும் காதால கேட்டனே. போன மாசம் வரைக்கும் தண்ணி மாதிரி வந்துச்சு. இப்ப கொழந்த தத்தித் தத்திப் பேசுற மாதிரி பேசுறா. அந்தச் சனிக்கெழம ஆளுங்க வந்ததுலேர்ந்துதான் இப்பிடி. ஊர்ல எல்லாரும் சொல்றாங்க. ஒங்கள கொழப்பிட்டாங்க, நீங்க புள்ளைங்கள கொழப்பிட்டீங்க."

"கொஞ்சம் பொறுங்க மாமா. பரீட்சை வரைக்கும்."

"பொறுத்துப் பாத்துட்டேன். கரும்பு வெட்டு ஆரம்பிக்கப் போவுது. அவ அம்மாவும் வயலுக்கு வரணும். சின்னவனப் பாத்துக்க ஆள் வேணும். படிப்பு ஏறுதுன்னா நான் எப்பிடியாவது சமாளிப்பேன். ஏறினதே எறங்குதுன்னா எதுக்கு அனுப்பணும்? சொல்லுங்க."

வருகிற திங்கட்கிழமையோடு நிறுத்திவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். மரியாதை குறையாமல்தான் சொன்னார். 'ஏறவே இல்லை மாமா, இறங்குவதற்கு என்ன இருக்கிறது' என்று சொல்லியிருக்க வேண்டியவன் நான். சாலையில் ஆள் நடமாட்டம் இருந்தது. சொல்லவில்லை.

சனிக்கிழமை இதை மற்ற இருவரிடமும் சொன்னேன். கூட்டத்தை நிறுத்திவிட்டுப் பரீட்சை வரை பழையபடி பாட விடலாமா என்றுகூடக் கேட்டேன். சுப்பராயன் கொஞ்சம் யோசித்தான்.

"பாட விட்டா அவ இருப்பா. இருந்து என்ன பண்ணுவா? இன்ஸ்பெக்டர் குடுக்குற பக்கத்துக்கு எந்த ராகம் போடுவ?"

"அப்ப என்னடா பண்றது?"

"அவர உள்ள கூப்பிடு. நாங்க உக்கார்ற எடத்துல அவரும் உக்காரட்டும்."

ரோஸ்லினும் தலையாட்டினார். "ஜன்னலுக்கு வெளிய நின்னா பாட்டு மட்டும்தான் கேக்கும் மிஸ்யே. உள்ள வந்தாதான் பிள்ளையோட கண்ணு எங்க போகுதுன்னு தெரியும். அவர் மட்டும் இல்ல, வர்றவங்க எல்லாரும் வரட்டும்."

"ஊரு முன்னாலயா?"

"நீங்க எங்க முன்னால நின்னீங்களே."

இவர்களுக்கு முன் நின்றதும் ஊருக்கு முன் நிற்பதும் ஒன்றா? அவருக்கு எங்கள் ஊரைத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் சுப்பராயனுக்குத் தெரியும், அவனும் அதையேதான் சொன்னான். மறு நாள் ஞாயிற்றுக்கிழமை. கோவில் முடிந்ததும் பெற்றோர்களைப் பள்ளிக்கு அழைப்பது என்று பேசி முடித்தோம். ஆறுமுகம் மாமா வீட்டுக்கு நானே நேரில் போய்க் கூப்பிட்டேன்.

4. பெஞ்சில் பெரியவர்கள்

பத்துப் பேராவது வந்திருப்பார்கள், எல்லோரும் ஆண்கள். சிறு பிள்ளைகளுக்காகச் செய்த பெஞ்சில் முழங்காலை மடக்க முடியாமல் மடக்கி உட்கார்ந்தார்கள். ஆறுமுகம் மாமாவைப் பாக்கியம் பக்கத்தில் உட்கார வைத்தேன். சுப்பராயனும் ரோஸ்லினும் பின் பெஞ்சில்.

"எங்களுக்கும் சிலேட்டு உண்டா மிஸ்யே?" என்று யாரோ கேட்க, சிரிப்பு.

முதலில் ஆட்டுக்குட்டிப் பாடத்தைப் பாடச் சொன்னேன். இதை நாங்கள் மூவரும் பேசிவைத்திருந்தோம். பிள்ளைகள் பல நாளாக அடக்கிவைத்திருந்த ஆசையோடு பாடினார்கள். பெரியவர்கள் முகமெல்லாம் மலர்ந்தது. ஆறுமுகம் மாமா தொடையில் தாளம் போட்டார். முடிந்ததும் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார், கேட்டீர்களா என்பதுபோல.

பிறகு நான் பலகையைத் துடைத்துவிட்டு ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் எழுதினேன். பாக்கியத்தைக் கூப்பிட்டேன். முதலில் வாய் திறக்காமல் படிக்கச் சொன்னேன்.

அவள் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள். உதடு லேசாக அசைந்தது. ஒரு சொல்லுக்குப் போவாள், திரும்ப முதல் சொல்லுக்கு வருவாள். பெஞ்சில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். யாரோ, "மறந்திருச்சு போல" என்றார்கள். ஆறுமுகம் மாமா குனிந்து தரையைப் பார்த்தார். எடுத்துக்கொடுக்க எனக்கு நாக்கு துடித்தது. பின் பெஞ்சிலிருந்து ரோஸ்லின் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை மெல்ல அசைத்தார். சாக்பீஸை மேசையில் வைத்துவிட்டு நின்றேன்.

திடீரென்று பாக்கியம் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னா புள்ள, எதுக்குச் சிரிக்கிற? என்ன எழுதியிருக்கு?" என்றார் அவள் அப்பா.

"நம்ம பசு அவுத்துக்கிட்டு எஸ்டேட்டுக் கரும்புக்குள்ள பூந்திருச்சாம்பா."

ஆறுமுகம் மாமா எழுந்துவிட்டார். பெஞ்சு சாய்ந்தது. நேராக ஜன்னலுக்குப் போய்த் தலையை வெளியே நீட்டிக் கரும்புப் பக்கம் பார்த்தார். எஸ்டேட் கரும்பில் மாடு புகுந்தால் காவலாளி அதை ஓட்டிக்கொண்டு போய்விடுவான், மீட்பது பெரும்பாடு. அங்கே வந்திருந்த எல்லோருக்கும் அது தெரியும். இன்னொருவரும் எழுந்து அவர் பின்னால் போய் எட்டிப் பார்த்தார்.

வெளியே ஒன்றும் இல்லை. வகுப்பில் சிரிப்பு கிளம்பியது, முதலில் பிள்ளைகள், பிறகு பெரியவர்கள். ஆறுமுகம் மாமா திரும்பினார். பலகையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். அவரும் சிரித்துவிட்டார். என்னால் சிரிக்க முடியவில்லை. நான் சொல்லிக்கொடுத்த எதைக் கேட்டும் அதற்கு முன் ஒருவரும் எழுந்து வெளியே பார்த்ததில்லை.

"மிஸ்யே, இத நீங்க முன்னாடியே சொல்லி வச்சீங்களா அவளுக்கு?"

"இல்ல மாமா. இப்பதான் எழுதினேன். அவளுக்கே இப்பதான் தெரியும்."

அவர் பெஞ்சை நிமிர்த்திவைத்துவிட்டு உட்கார்ந்தார். பிறகு மகளிடம் கேட்டார்.

"அப்ப மொதல்ல பாடினீங்களே, அதுல என்ன எழுதியிருக்கு?"

பாக்கியம் முழித்தாள். பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தாள். பிள்ளைகள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆட்டுக்குட்டி, பனி, கிழவன், இதில் ஒன்றுகூட அவர்களுக்குத் தெரியாது. நான் சொல்லியிருக்கவில்லை. கோவில் பாட்டுக்கு யார் அர்த்தம் கேட்டார்கள், யார் சொன்னார்கள்? பாடினால் போதும் என்று வளர்ந்தவன், பாடினால் போதும் என்றே விட்டிருந்தேன்.

"அவளுக்குத் தெரியாது மாமா. யாருக்குமே தெரியாது. நான் சொல்லிக் குடுக்கல" என்றேன். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. பின்னால் இருந்தவர்கள் "என்ன சொல்றாரு?" என்று கேட்டதால் இன்னொரு தடவை, கொஞ்சம் உரக்கச் சொல்ல வேண்டியதாயிற்று.

ஆறுமுகம் மாமா என்னைப் பார்க்கவில்லை. அதற்காக நான் இன்றும் அவருக்கு நன்றி சொல்வேன்.

"என் பொண்ணு இங்கிலீஷ் படிக்கிறான்னு நான் கடைக்குக் கடை நின்னு சொல்லிட்டு வந்தனே" என்றார். யாரிடம் என்று இல்லாமல் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்தார். போகிறார் என்று நினைத்தேன். பலகைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"இத அழிக்காதீங்க மிஸ்யே. அவ அம்மா வீட்டுல சமைச்சிட்டிருக்கா. கூட்டிட்டு வரேன்."

அவர் போய் வரும் வரை ஒருவரும் எழுந்து போகவில்லை. பாக்கியத்தின் அம்மா சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். பள்ளிக்குள் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. வாசலில் தயங்கினார். பாக்கியம் கையைப் பிடித்து இழுத்து வந்து பலகை முன்னால் நிறுத்தினாள். ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படித்தாள், தமிழில் சொன்னாள்.

"இதுல பசு எது?" என்று கேட்டார் அம்மா.

பாக்கியம் காட்டினாள். அம்மா அந்தச் சொல்லை உற்றுப் பார்த்துவிட்டு, "இத்தினியூண்டுதானா" என்றார்.

5. அதற்குப் பிறகு

திங்கட்கிழமை பாக்கியம் பள்ளிக்கு வந்தாள். சின்னவனையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். கரும்பு வெட்டு முடியும் வரை அவன் என் மேசைக்கு அடியில் உட்கார்ந்து சாக்பீஸ் தின்றான். பெரிய உபாத்தியாயருக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் விட்டுவிட்டார்.

இன்ஸ்பெக்டர் வந்து, சொன்னபடியே புதுப் பக்கம் கொடுத்தார். பாக்கியம் மெதுவாகப் படித்தாள், சில இடங்களில் தடுக்கினாள். என்ன படித்தாய் என்று கேட்டபோது கிரியோலில் முழுவதும் சொன்னாள். தேறினாள். அவள் அப்பாவும் வாக்குத் தவறவில்லை. தேர் ரூஜில் மாம்ஸெல் ரோஸ்லின் பள்ளியில் அவளை நாலாவது சேர்த்தார். ஆனால் முந்தின வருடத்தைவிடக் குறைவான பேர்தான் அந்த வருடம் என் வகுப்பில் தேறினார்கள். அதையும் எழுதத்தான் வேண்டும். கடையில் அதைப் பற்றியும் பேசினார்கள்.

முந்தின வருடம் பாடித் தேறியவர்கள் இப்போது வயலில் இருக்கிறார்கள். நாலாவதுக்கு ஒருவரும் போகவில்லை. சாலையில் என்னைப் பார்த்தால் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "மிஸ்யே, மறக்கலே பாருங்க" என்று ஆட்டுக்குட்டிப் பாடத்தின் முதல் வரியைப் பாடிக் காட்டுவார்கள். அன்பினால்தான் பாடுகிறார்கள். நான் கையாட்டிவிட்டுக் குனிந்தபடி போய்விடுவேன். அவர்களுக்காகக் கோவில் மண்டபத்தில் மாலை வகுப்பு ஒன்று தொடங்கினேன். நாளெல்லாம் வேலை செய்தவர்கள், வந்தது இரண்டு பேர்தான். அந்த இரண்டு பேருக்கும் இன்னும் நடத்திக்கொண்டிருக்கிறேன்.

இப்போது நம் சனிக்கிழமைக் கூட்டத்தில் ஏழு பள்ளிக்காரர்கள் இருக்கிறீர்கள். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் தங்களுக்குக் கஷ்டமான பாடத்தைத்தான் முதலில் காட்டுகிறீர்கள், உதவி கேட்கிறீர்கள். அது நல்லதுதான். ஆனால் எது உங்களுக்கு நன்றாக வருகிறது என்று நினைக்கிறீர்களோ, எதற்காக ஊர் உங்களை மெச்சுகிறதோ, அந்தப் பாடத்தையும் ஒரு நாள் எங்கள் முன் எடுங்கள். கஷ்டமான இடத்தை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். மற்றதைப் பார்க்கத்தான் பெஞ்சில் இன்னொருவர் வேண்டும்.

எனக்கு இன்னும் வேண்டியிருக்கிறது. இன்றும் ஒரு வகுப்பு ஒரே குரலில் பிசிறில்லாமல் படித்தால் முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வருகிறது. அதற்குப் பிறகுதான் நினைவு வந்து, ஏதாவது ஒரு பிள்ளையின் பக்கத்தில் போய் உட்காருகிறேன்.